அத்தியாயம் 3: நமக்குச் சித்திரைப் பட்டம்

ஆடிப்பட்டம் தேடி விதை என்பது தமிழ்நாட்டு உழவர் கண்ட வழி. ஆடியில் விதைத்தால், பின்னால் வரும் ஐப்பசி, கார்த்திகை மழை பயிரைக் கரைசேர்த்துவிடும் என்பது அவர்கள் கணக்கு. கிள்ளான் பள்ளத்தாக்கில் அந்தக் கணக்கு பொருந்தாது. கோலாலம்பூரில் மழை மிகக் குறைவாகப் பெய்வது ஜூன், ஜூலை மாதங்களில்தான். தமிழ்நாட்டு விவசாயக் காணொளியைப் பார்த்து ஆடியில் கத்தரி நாற்று நட்டுவிட்டு, வாடுகிறதே என்று வருந்தும் குடும்பங்கள் இங்கே நிறைய உண்டு. குறை அவர்கள் கையில் இல்லை, நாட்காட்டியில் இருக்கிறது.

நம் வட்டாரத்தில் ஆண்டுக்கு 2,400 மில்லிமீட்டர் அளவுக்கு மழை பெய்கிறது. அது இரண்டு முறை உச்சம் தொடுகிறது. மார்ச் பிற்பாதியிலிருந்து மே தொடக்கம் வரை முதல் உச்சம், அக்டோபர், நவம்பரில் இரண்டாவது. இரண்டு பருவக்காற்றுகளுக்கும் இடைப்பட்ட இந்த மாதங்களில் காலை வெயிலும் பிற்பகல் இடிமழையும் மாறி மாறி வரும். செடிக்கு இதைவிட வேறென்ன வேண்டும்?

சூரியனும் இதே நேரத்தில் பக்கம் மாறுகிறது. கோலாலம்பூர் பூமத்திய ரேகைக்கு வடக்கே ஏறக்குறைய மூன்று பாகையில் இருப்பதால், மார்ச் 28-ஐ ஒட்டிச் சூரியன் நம் உச்சந்தலைக்கு நேரே வருகிறது. அன்று பிற்பகல் 1.15 மணி அளவில் கொடிக்கம்பத்தின் நிழல் அதன் காலடியிலேயே அடங்கிவிடும். அதன்பின் செப்டம்பர் நடுப்பகுதி வரை நண்பகல் சூரியன் வடக்குப் பக்கமாகவே போகும்.

இலை உதிர்ந்து துளிர்க்கும் வசந்தம் நமக்கு இல்லை. ஆனால் பத்துமலைத் தைப்பூசக் கூட்டம் கலைந்ததிலிருந்து சித்திரை முதல் நாள் வரையிலான இந்தக் காலமே நம் வீட்டுக்கும் தோட்டத்துக்கும் புத்தாண்டுப் பருவம். இந்த அத்தியாயத்தின் சாரம் இது: மாசியில் வீட்டைப் பழுது பாருங்கள், பங்குனியில் மண்ணைத் தயார் செய்யுங்கள், சித்திரையில் நடுங்கள், மூன்றையும் குடும்பமாகச் சேர்ந்து செய்யுங்கள்.

மூன்று மாதக் கணக்கு

- மாசி (பிப்ரவரி நடு முதல் மார்ச் நடு வரை): மழை சற்றே ஓய்ந்திருக்கும். கூரை, வடிகால், சுவர், மின்சாரம், தண்ணீர்த் தொட்டி ஆகியவற்றைப் பார்க்கும் காலம்.
- பங்குனி (மார்ச் நடு முதல் ஏப்ரல் நடு வரை): மண் கலவை, நாற்று, கீரை விதைப்பு.
- சித்திரை (ஏப்ரல் நடு முதல் மே நடு வரை): நாற்று நடவு, கிழங்கு நடவு, கொசுக் காவல்.

இந்த மூன்று மாதங்களிலும் வெளிவேலையைக் காலை ஏழரைக்குத் தொடங்கிப் பதினொன்றுக்குள் முடித்துவிடுங்கள். பிற்பகலில் வானம் கறுக்கும்போது ஏணியிலோ திறந்த வெளியிலோ யாரும் இருக்கக் கூடாது. ஆண்டில் ஏறக்குறைய 200 நாள் இடி கேட்கும் வட்டாரம் இது.

மாசி: மழைக்கு முன் வீடு

முதலில் கூரை ஓரத்து மழைநீர்ப் பீலி. தொடர்வீடுகளில் ஒழுகலுக்குப் பெரும்பாலும் காரணம் உடைந்த ஓடாக இருக்காது. இலையும் மண்ணும் அடைத்த பீலியில் நீர் பின்னோக்கி ஏறி, கூரைக்குள் இறங்கிவிடும். பீலியைக் கையால் அள்ளிச் சுத்தம் செய்து, ஒரு வாளி தண்ணீரை ஊற்றிப் பாருங்கள். கீழ்க்குழாயில் தடங்கலின்றி வந்தால் போதும். ஏணியை ஒருவர் பிடிக்காமல் இன்னொருவர் ஏறக் கூடாது. இரண்டாம் மாடிப் பீலிக்கு ஆள் வைத்துக்கொள்ளுங்கள், அந்தச் செலவில் சிக்கனம் வேண்டாம்.

இரண்டாவது, வீட்டுக்கு முன்னும் பின்னும் ஓடும் லோங்காங். உங்கள் எல்லைக்குள் இருக்கும் பகுதியில் படிந்த மண்ணை வாரி எடுங்கள். அதைத் தெரு வடிகாலில் தள்ளிவிட்டால் அடுத்த வீட்டில்தான் நீர் தேங்கும். 2021 டிசம்பர் 18-இல் தொடங்கிய வெள்ளத்தில் ஷா ஆலம் தாமான் ஸ்ரீ மூடாவில் வீடுகள் மூழ்கியதைக் கண்டவர்கள் நாம். அத்தனை பெரிய மழையை ஒரு வீட்டின் வடிகால் தாங்காது. ஆனால் சாதாரண ஏப்ரல் மழையில் வாசல் நிறையாமல் காக்கும்.

மூன்றாவது, சுவரின் ஈரக் கறை. சாயம் அடிப்பதற்கு முன் ஈரம் எங்கிருந்து வருகிறது என்று கண்டுபிடியுங்கள். மழைக்குப் பிறகு மட்டும் கறை விரிந்தால் கூரையையோ வெளிச்சுவரையோ சந்தேகிக்கலாம். மழையே இல்லாத நாளிலும் விரிந்தால் குழாயோ மேல்மாடிக் குளியலறையோ கசிகிறது. கசிவை அடைக்காமல் அடித்த சாயம் இரண்டே மாதத்தில் உரிந்து விழும். புதிதாகப் பூசிய சிமெண்டுப் பூச்சு நான்கு வாரமாவது காய்ந்த பிறகே சாயம். பூஞ்சணத்தை வெளுப்பு நீரால் துடைக்கும்போது சன்னலைத் திறந்து வையுங்கள். அதனுடன் கழிப்பறை கழுவும் அமிலத்தை ஒருபோதும் கலக்காதீர்கள், நச்சு வாயு கிளம்பும்.

அடுக்குமாடியில் உங்கள் கூரைத்தளம் கசிந்தால் மேல்வீட்டாரிடம் சண்டைக்குப் போக வேண்டாம். 2013-ஆம் ஆண்டு அடுக்குமாடி நிர்வாகச் சட்டமும் அதன் 2015-ஆம் ஆண்டு விதிகளும் இதற்கு வழி வகுத்திருக்கின்றன. நிர்வாகக் குழுவுக்கு எழுத்தில் புகார் கொடுங்கள். அவர்கள் 7 நாளுக்குள் வந்து பார்வையிட வேண்டும். வேறு காரணம் நிரூபிக்கப்படாத வரை கசிவு மேல்வீட்டைச் சேர்ந்ததாகவே கருதப்படும். படம் எடுத்து, தேதியைக் குறித்து வைத்துக்கொள்ளுங்கள்.

நான்காவது, மின்சாரம். வீட்டு மின்பகிர்வுப் பெட்டியில் உள்ள கசிவுத் தடுப்பு விசையில் சோதனைப் பொத்தான் ஒன்று இருக்கும். மாதம் ஒரு முறை அதை அழுத்துங்கள். உடனே விசை விழ வேண்டும். விழாவிட்டால் அன்றே உரிமம் பெற்ற மின்பணியாளரை அழையுங்கள், அதுவரை தண்ணீர்ச் சூடேற்றியைத் தொடாதீர்கள். இடி தொடங்கியதும் தொலைக்காட்சி, இணையப் பெட்டி ஆகியவற்றின் செருகிகளைக் கழற்றும் பழக்கத்தைப் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுங்கள்.

ஐந்தாவது, தண்ணீர்த் தொட்டி. 2014-இல் வறட்சியால் அணைகள் வற்றி, மார்ச், ஏப்ரல் மாதங்களில் சிலாங்கூரிலும் கோலாலம்பூரிலும் தண்ணீர்ப் பங்கீடு நடந்தது. ஆற்றில் மாசு கலந்து குழாய் நின்றுபோகும் நாள்களும் நமக்குப் பழக்கமே. மேல்தொட்டியின் மூடி சரியாகப் பொருந்துகிறதா, அடியில் சேறு படிந்திருக்கிறதா என்று இப்போதே பாருங்கள். கூடுதலாகத் தண்ணீர் பிடித்து வைக்கும் பீப்பாய்க்கு இறுக்கமான மூடி வேண்டும். மூடியில்லாப் பீப்பாய் டிங்கிக் கொசுவின் பிறப்பிடம்.

பங்குனி: மண்ணைத் தெரிந்துகொள்ளுங்கள்

பிரிக்பீல்ட்ஸ் மண்ணைப் பற்றி அந்த ஊரின் வரலாறே சொல்லிவிடும். 1881-இல் கோலாலம்பூரைத் தீயும் வெள்ளமும் அழித்தன. மறு ஆண்டு சிலாங்கூர் ரெசிடெண்டாக வந்த பிராங்க் சுவெட்டன்ஹம், அத்தாப்புக் குடிசைகளுக்கு மாற்றாகச் செங்கல்லும் ஓடும் வேண்டும் என்றார். அந்தச் செங்கல்லைச் சுட்ட சூளைகள் இயங்கிய களம்தான் இன்று நாம் மாலை வாங்கவும் சேலை வாங்கவும் போகும் பிரிக்பீல்ட்ஸ். செங்கல்லுக்கு உகந்த களிமண்ணில் நீர் எளிதில் வடியாது. வேருக்குக் காற்று போகாது. கறிவேப்பிலை அதில் மஞ்சளடித்து நிற்கும்.

கிள்ளான், காப்பார், போர்ட் கிள்ளான் பக்கம் வேறொரு சிக்கல். தாழ்ந்த கரையோர வண்டல் நிலம் அது. நிலத்தடி நீர் மேலேயே இருக்கும். பகலும் இரவும் சமமாகும் மார்ச் மாதத்தை ஒட்டி வரும் அமாவாசை, பௌர்ணமி நாள்களில் கடல் பெருக்கும் கூடுதலாக ஏறும். அங்கே குழி தோண்டி நடுவதைவிட, ஒன்றரை அடி உயரத்துக்குச் செங்கல்லோ பலகையோ அடுக்கி மேட்டுப்பாத்தி போடுவதே நல்லது.

உங்கள் மண் எப்படிப்பட்டது என்பதை அரை நாளில் தெரிந்துகொள்ளலாம். ஓர் அடி ஆழக் குழி தோண்டி நீரால் நிரப்புங்கள். வடிந்ததும் மீண்டும் நிரப்புங்கள். இரண்டாம் முறை நிரப்பிய நீர் நான்கு மணி நேரத்துக்குள் வடிந்தால் தரையில் நடலாம். வடியாவிட்டால் தொட்டியோ மேட்டுப்பாத்தியோ.

தொட்டிக் கலவைக்கு மலேசியாவில் பலரும் பின்பற்றும் அளவு 3:2:1. மூன்று பங்கு மேல்மண், இரண்டு பங்கு மக்கிய எரு, ஒரு பங்கு ஆற்று மணல். கடையில் கறுப்பு மண் என்று கட்டிக் கொடுப்பதை அப்படியே நிரப்பினால் மூன்று மாதத்தில் இறுகிப்போகும். நம் நாட்டு மண் பொதுவாகப் புளிப்புத் தன்மை கொண்டது. தரையில் நடுபவர்கள் சதுர மீட்டருக்கு 150 கிராம் அளவில் டோலமைட் சுண்ணாம்புத் தூள் தூவிக் கிளறிவிடலாம். சுண்ணாம்பையும் கோழி எருவையும் ஒரே நாளில் இடாதீர்கள். எருவின் தழைச்சத்து வாயுவாகப் பறந்துவிடும். சுண்ணாம்பு இட்டு இரண்டு வாரம் கழித்து எரு.

சமையலறைக் கழிவை மக்கவைக்க, மூடியுள்ள வாளியொன்றில் அடியிலும் பக்கத்திலும் துளையிடுங்கள். ஒரு பங்கு காய்கறித் தோலுக்கு இரண்டு பங்கு காய்ந்த இலை. சோறு, கறி, மீன் சேர்த்தால் எலி வரும். வாரம் ஒரு முறை கிளறினால் நம் வெக்கையில் இரண்டு மூன்று மாதத்தில் எரு தயார்.

நாற்று, தொட்டி, எரு மூன்றையும் ஒரே பயணத்தில் வாங்கச் சுங்கை பூலோ நாற்றுப்பண்ணைகளுக்குப் போகலாம். 1930-இல் அங்கே தொழுநோயாளர் குடியிருப்பு திறக்கப்பட்டது. ஊரும் உறவும் ஒதுக்கிவைத்த மனிதர்கள் பிழைப்புக்காகச் செடி வளர்க்கத் தொடங்கியதில் உருவானவை அந்தப் பண்ணைகள். பிள்ளைகளை அழைத்துப் போய், செடி வாங்கும்போதே அந்த வரலாற்றையும் சொல்லுங்கள்.

ஓர் எச்சரிக்கை. மெலியோய்டோசிஸ் என்ற கடும் நோயை உண்டாக்கும் நுண்ணுயிர் மலேசிய மண்ணிலும் தேங்கிய நீரிலும் வாழ்கிறது. நீரிழிவு உள்ளவர்களை அது அதிகம் தாக்கும். நம் வீடுகளில் நீரிழிவு இல்லாத பெரியவர் குறைவு. ஆகவே கையுறையும் மூடிய காலணியும் இல்லாமல் மண்ணில் இறங்காதீர்கள். காலில் புண் இருந்தால் அது ஆறும் வரை மண் வேலை வேண்டாம். மண் வேலைக்குப் பிறகு காய்ச்சல் வந்தால் மருத்துவரிடம் அதையும் சொல்லுங்கள்.

உங்கள் வாசல் எந்தத் திசை?

வடக்குப் பார்த்த வாசலும் பால்கனியும் ஏப்ரல் முதல் ஆகஸ்டு வரை நல்ல வெயில் பெறும், அக்டோபருக்குப் பின் நிழலாகிவிடும். தெற்குப் பார்த்தவற்றுக்கு இது தலைகீழ். ஆகவே வடக்கு வாசல்காரர்கள் சித்திரையில் வெண்டை, கத்தரி, மிளகாய் வைக்கலாம். தெற்கு வாசல்காரர்கள் இப்போது கீரை, புதினா, பாண்டான், வெற்றிலை போன்ற பாதி நிழல் தாங்கும் செடிகளை வைத்து, காய்ச் செடிகளை ஐப்பசிக்கு ஒதுக்கலாம். கிழக்கு வாசலின் காலை வெயில் எல்லாச் செடிக்கும் இதம். மேற்கு வாசலின் மாலை வெயில் சுடும், ஆனால் பிற்பகல் மேகம் அதைப் பல நாள் மறைத்துவிடும். மேற்கு வாசலில் முருங்கையும் செம்பருத்தியும் தாங்கும்.

எதை, எப்படி நடுவது

கீரை: பங்குனி முதல் நாளில், அதாவது மார்ச் 14 அல்லது 15-இல், விதையுங்கள். சிறுகீரையும், பசாரில் பாயாம் என்று விற்கும் தண்டுக்கீரை வகைகளும் 25 முதல் 30 நாளில் பறிப்புக்கு வரும். சித்திரை முதல் நாள் விருந்துக்கு வீட்டுக் கீரை தயார். பொடி விதையை மணலோடு கலந்து தூவி, மெல்லிய வலையால் மூடிவிடுங்கள். வலை இல்லாவிட்டால் ஒரே ஓர் இடிமழை விதையை எல்லாம் ஓரத்துக்கு அடித்துச் சென்றுவிடும்.

காங்கோங், பசளை, புதினா: இவற்றுக்கு விதையே தேவையில்லை. சமையலுக்கு வாங்கிய கட்டில் தடித்த தண்டுகளை எடுத்து, கணுவுக்குக் கீழே வெட்டி ஈர மண்ணில் ஊன்றுங்கள். முதல்முறை தோட்டம் போடும் வீட்டுக்கு இவையே நல்ல தொடக்கம்.

வெண்டை: விதையை இரவு முழுவதும் ஊறவைத்து, 12 அங்குலத் தொட்டிக்கு இரண்டாக ஊன்றுங்கள். முளைத்ததும் வலுவானதை விட்டு மற்றதைக் கத்தரியுங்கள். 45 முதல் 50 நாளில் காய் தொடங்கும். பூத்த ஐந்தாறு நாளில் விரல் நீளக் காயாகப் பறித்துவிட வேண்டும். ஒரு முற்றல் காயை விட்டுவைத்தாலும் செடி புதுப் பூ விடுவதைக் குறைத்துக்கொள்ளும்.

கத்தரியும் மிளகாயும்: பங்குனியில் நாற்று விட்டு, நான்கைந்து இலை வந்ததும் சித்திரையில் இடம் மாற்றுங்கள். மாலையில் நடுங்கள். மிளகாய்க்கு மழையே எதிரி. தொடர் ஈரத்தில் பழம் கறுத்து அழுகும், சாற்றை உறிஞ்சும் பூச்சியால் இலை சுருளும். கூரை நீட்டத்தின் கீழ் வெயில் மட்டும் படும் இடத்தில் வைத்து, தண்டின் அடியில் நீர் ஊற்றுங்கள். பூச்சிக்கு ஒரு லிட்டர் நீரில் 5 மில்லி வேப்பெண்ணெயும் சில துளி சவர்க்காரமும் கலந்து, மாலையில் இலையின் அடிப்பக்கம் தெளியுங்கள்.

கறிவேப்பிலை: நம் வீட்டின் முதல் மரம் இது, எனவே கூடுதல் கவனம் கொடுங்கள். விதையில் வளர்ப்பதானால் கறுத்துப் பழுத்த பழத்தின் சதையை நீக்கி உடனே விதைக்க வேண்டும். காய்ந்த விதை முளைக்காது. தாய்மரத்தின் அடியில் முளைக்கும் பக்கக் கன்றை வேரோடு பெயர்த்து நடுவது இன்னும் எளிது. அக்கம்பக்கத்தில் யாரிடம் கேட்டாலும் கொடுப்பார்கள். நல்ல வெயிலும் வடிகாலும் இருந்தால் போதும். மேல்மண் காய்ந்த பிறகே அடுத்த நீர். ஓரடி உயரம் வந்ததும் நுனியைக் கிள்ளுங்கள், பக்கக் கிளை பெருகும். பூங்கொத்து தோன்றினால் கிள்ளிவிடுங்கள், சத்து இலைக்குப் போகும். சமையலுக்கு இலையை உருவாமல் சிறு கிளையாக வெட்டினால், வெட்டிய இடத்தில் இரண்டு துளிர் வரும். புளித்த மோரை நீர்த்து ஊற்றும் பழக்கம் நமக்கு உண்டு. அதைத் தொடரலாம். ஆனால் இரண்டு மாதத்துக்கு ஒரு முறை மக்கிய எருவும் வேண்டும்.

கறிவேப்பிலையில் பறவை எச்சம் போல ஒட்டியிருப்பவை வண்ணத்துப்பூச்சியின் இளம்புழுக்கள். வளர்ந்தால் பச்சையாகி ஒரு கிளையையே மொட்டையடித்துவிடும். மருந்து வேண்டாம், கையால் எடுத்தால் போதும். ஒன்றிரண்டைக் கிளையோடு கண்ணாடிப் புட்டியில் விட்டு, வாயை வலைத்துணியால் கட்டிவைத்தால், அது கூட்டுப்புழுவாகி வண்ணத்துப்பூச்சியாகப் பறப்பதைப் பிள்ளைகள் பார்க்கலாம்.

முருங்கை: கை தடிமனுள்ள, மூன்றடி நீளக் கிளையைச் சாய்வாக வெட்டி, இரண்டு நாள் நிழலில் வைத்து, ஓரடி ஆழத்தில் ஊன்றுங்கள். சுவர், மின்கம்பி, கார் நிற்கும் இடம் மூன்றிலிருந்தும் விலக்கி நட வேண்டும். மென்மையான மரம், ஏப்ரல் மாதச் சுழற்காற்றில் ஒடியும். நான்கடி, ஐந்தடி உயரத்தில் அடிக்கடி வெட்டிவிட்டால் ஒடியவும் ஒடியாது, கீரையும் கைக்கு எட்டும்.

மஞ்சளும் இஞ்சியும்: சித்திரையில் ஊன்றும் மஞ்சள் எட்டு ஒன்பது மாதத்தில் முற்றும். கணக்கிட்டுப் பாருங்கள், சரியாகத் தைப் பொங்கல். முளை விட்ட கிழங்குத் துண்டை இரண்டு அங்குல ஆழத்தில், 16 அங்குலத் தொட்டியில் ஊன்றுங்கள். பாதி வெயில் போதும். மூன்றாம், ஐந்தாம் மாதங்களில் எரு இட்டு மண் அணையுங்கள். பொங்கல் பானையில் கட்டும் மஞ்சள் கொத்தை ஒவ்வோர் ஆண்டும் கடையில் வாங்குகிறோம். அடுத்த தையில் உங்கள் பானையில் உங்கள் மஞ்சளைக் கட்டுங்கள். அடுக்குமாடியிலும் முடியும்.

அடுக்குமாடி வீட்டாருக்கு

நனைந்த மண்ணோடு 16 அங்குலத் தொட்டி ஒன்று 40 கிலோ வரை கனக்கும். அப்படிப்பட்டவற்றைப் பால்கனி நடுவில் குவிக்காமல் சுவர் ஓரமாகப் பரப்பி வையுங்கள். எண்ணிக்கை கூடினால் நிர்வாகத்திடம் கேளுங்கள். கைப்பிடிச் சுவர் மேல் எந்தத் தொட்டியும் வேண்டாம். பத்தாவது மாடியிலிருந்து விழும் சிறு தொட்டியும் உயிரைக் கொல்லும். நீர் வழிந்து கீழ்வீட்டுத் துணியில் சொட்டாமல் பாருங்கள். பொது நடைவழியில் தொட்டி வைத்தால் தீ விபத்தின்போது வழி அடைபடும்.

வீட்டில் வெயிலே விழாதவர்களுக்குச் சமூகத் தோட்டங்கள் உண்டு. பிரிக்பீல்ட்ஸிலிருந்து அதிகத் தொலைவில்லாத கெபுன்-கெபுன் பங்சார், உயர் அழுத்த மின்கம்பிகளின் கீழ் சும்மா கிடந்த நிலத்தில் தன்னார்வலர்கள் உருவாக்கியது. உங்கள் தாமானிலும் அப்படி ஒரு துண்டு நிலம் இருக்கும். குடியிருப்போர் சங்கம் வழியாக ஊராட்சி மன்றத்திடம் அனுமதி கேட்டுத் தொடங்குங்கள். அனுமதியின்றிப் பின்சந்தில் நட்டால் ஒரு நாள் பிடுங்கிவிடுவார்கள்.

ஞாயிறுதோறும் கொசுத் தேடல்

ஏடிஸ் கொசு முட்டையிலிருந்து பறக்கும் பருவத்தை எட்ட ஏழு முதல் பத்து நாள் போதும். ஆகவே வாரம் ஒரு முறை தேடினால் சங்கிலி அறுந்துவிடும். பத்து நிமிட வேலை. பார்க்க வேண்டிய இடங்கள்: தொட்டித் தட்டுகள் (மணல் நிரப்பிவிடுங்கள்), பீலி, குளிர்பதனப் பெட்டியின் பின்தட்டு, குளிரூட்டிச் சொட்டுநீர் வாளி, சாமி மேடைச் செம்பு, வெட்டிய மூங்கில் கணு, கவிழ்க்காத தேங்காய் ஓடு, பழைய டயர். வடிக்க முடியாத நீரில் அபேட் மருந்தைப் பொட்டலத்தில் சொன்ன அளவில் இடுங்கள். வீட்டு வளாகத்தில் புழு இருந்தால், நோய் பரப்பும் பூச்சிகளை ஒழிக்கும் 1975-ஆம் ஆண்டுச் சட்டப்படி தண்டம் விதிப்பார்கள். அந்தப் பயத்தைவிட, டிங்கிக் காய்ச்சலில் ஒரு பிள்ளை படும் பாடு நமக்கு நினைவிருக்க வேண்டும்.

யாருக்கு என்ன வேலை

இன்றைய தாமான்களில் பல, பால்மரமும் செம்பனையும் நின்ற நிலங்கள். ஷா ஆலமே ஒருகாலத்தில் சுங்கை ரெங்கம் தோட்டம். அங்கெல்லாம் லயத்து வீட்டின் பின்னால் காய்கறி போட்டு, மாடு வளர்த்துக் குடும்பத்தை நடத்திய தாத்தா பாட்டிமார் இன்றும் நம்மோடு இருக்கிறார்கள். 1974-இல் துன் அப்துல் ரசாக் அரசு பசுமைப் புத்தகத் திட்டத்தைத் தொடங்கி, வீட்டுக்கு வீடு காய்கறி போடச் சொன்னதையும் அவர்களுக்கு நினைவிருக்கும். அந்த அறிவை வீட்டிலேயே வைத்துக்கொண்டு காணொளியில் தேட வேண்டியதில்லை.

- தாத்தா, பாட்டி: எப்போது பறிப்பது, எதை வெட்டுவது என்று முடிவு செய்பவர்கள். அவர்கள் குனியாதபடி இரண்டரை அடி உயரப் பலகை மேல் சில தொட்டிகளை வையுங்கள்.
- நான்கு முதல் ஏழு வயது: விதை ஊறவைத்தல், பூவாளியால் நீர் ஊற்றுதல். ஒரு தொட்டிக்கு அவர்கள் பெயரை எழுதி ஒட்டுங்கள்.
- எட்டு முதல் பன்னிரண்டு: தோட்டக் குறிப்பேடு. விதைத்த நாள், முளைத்த நாள், உயரம் ஆகியவற்றைத் தமிழில் எழுதட்டும். ஞாயிற்றுக்கிழமைக் கொசுத் தேடலுக்கு அவர்களே தலைவர்கள்.
- பதின்ம வயதினர்: மண் கலத்தல், தொட்டி தூக்குதல், ஏணி பிடித்தல், சாயம் அடித்தல். ஆணுக்கும் பெண்ணுக்கும் ஒரே பங்கு.
- அப்பா, அம்மா: கருவி, மருந்து, மின்சாரம். பாராங்கும் பூச்சி மருந்தும் பூட்டிய இடத்தில் இருக்க வேண்டும்.

ஏப்ரல் 14 காலை, வீட்டு மாவிலைத் தோரணமும் வாசல் கோலமும் வீட்டுக் கீரையும் இருந்தால் அது போதுமான புத்தாண்டு. மாங்காய்ப் பச்சடிக்கான காய்ந்த வேப்பம்பூவைப் பிரிக்பீல்ட்ஸிலோ கிள்ளான் தெங்கு கிளானா சாலைக் கடைகளிலோ முன்கூட்டியே வாங்கிவையுங்கள். அன்று மாலையே மஞ்சளை ஊன்றுங்கள். நாளும் பிள்ளைகளுக்கு மறக்காது.

வெட்டிய கிளையும் அக்கம்பக்கமும்

தோட்டக் குப்பையைக் கொளுத்தாதீர்கள். திறந்தவெளியில் எரிப்பது 1974-ஆம் ஆண்டுச் சுற்றுச்சூழல் தரச் சட்டப்படி குற்றம், அண்டை வீட்டு ஆஸ்துமாக்காரருக்கு அது மூச்சுத் திணறல். கோலாலம்பூரில் 2015 செப்டம்பர் 1 முதல் குப்பையைப் பிரித்துப் போடும் முறை நடப்பில் இருக்கிறது. வாரம் ஒரு நாள் மறுசுழற்சிப் பொருளோடு தோட்டக் கழிவையும் எடுத்துச் செல்வார்கள். சிலாங்கூரில் உங்கள் ஊராட்சி மன்றத்தின் அட்டவணையைக் கேட்டறியுங்கள். இலையை மக்கவைத்து, தடித்த கிளையை மட்டும் கட்டி வெளியே வைத்தால் மூட்டை பாதியாகும்.

அண்டை வீட்டார் மலாய்க்காரரோ சீனரோ, மிஞ்சிய கறிவேப்பிலையும் சிலிப்பாடியும் வேலி தாண்டிப் போகட்டும். செராயும் பாண்டானும் இந்தப் பக்கம் வரும். நல்லுறவு இருந்தால் எல்லைச் சுவர்க் கசிவையும் சாய்ந்த கிளையையும் பேசியே தீர்த்துக்கொள்ளலாம்.

இந்த அத்தியாயத்தில் உள்ள எல்லாவற்றையும் இந்த ஆண்டே செய்ய வேண்டாம். பீலியைச் சுத்தம் செய்யுங்கள், கசிவுத் தடுப்பு விசையை அழுத்திப் பாருங்கள், ஒரு தொட்டி கீரை விதையுங்கள், ஒரு தொட்டி மஞ்சள் ஊன்றுங்கள். இந்த நான்கையும் இந்தப் பருவத்தில் தவறாமல் செய்த குடும்பம் ஐப்பசி மழைக்கு இன்னொரு பட்டம் போடத் தயாராக இருக்கும். அடுத்த ஞாயிறு காலை வீட்டில் எல்லாரும் இருக்கும் நேரம் பார்த்துத் தொடங்குங்கள்.